ராத்தா அனுப்பிய கப்பல்



எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து முந்நூறு அடி நடந்தால் கடல். மன்னார் தீவில் பிறந்தவர்களுக்கு இது புதுமை அல்ல. ஆனால் என் உம்மா அந்தக் கொல்லைப்புற வாசலில் ஒருநாளும் உட்காருவதில்லை. பாயை முன்வாசலில் விரித்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் தஸ்பீஹ் உருட்டுவார். மீன் வாங்குவார், ஆய்வார், சமைப்பார். கடலை மட்டும் பார்க்கமாட்டார்.

காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் பேசுவதில்லை.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கின் முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று ஆயுதம் ஏந்தியவர்கள் கட்டளையிட்டார்கள். ஏறக்குறைய 75,000 பேர் சில நாட்களுக்குள் வீடு வாசலை இழந்தார்கள். மன்னார் தீவிலிருந்தவர்களுக்குக் கடல்தான் வழி. கடற்கரையில் காத்துக் கிடந்து, கிடைத்த வள்ளங்களில் ஏறிக் கல்பிட்டிக்குப் போனோம். எனக்கு அப்போது பத்து வயது. ராத்தாவுக்குப் பதினாறு. மழைக்காலம், கடல் சும்மா இருக்கவில்லை. எங்கள் வள்ளத்தில் ஒரு தாயின் கைக்குழந்தை குளிரிலும் காய்ச்சலிலும் துடித்து, கரை சேருமுன் மௌத்தாகிவிட்டது. அந்தத் தாய் தன்னை மறந்து கிடந்ததால் என் உம்மாதான் அந்த மையித்தைத் தன் முந்தானையில் சுற்றி, விடியும்வரை மடியில் வைத்திருந்தார். கல்பிட்டியில் அடக்கினார்கள். அன்றோடு உம்மாவுக்குக் கடல் முடிந்துவிட்டது.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு கப்பலின் படம் எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மஸ்கட்டிலிருந்து ஒரு கடிதம்

புத்தளம் முகாமில் கிடுகுக் கொட்டிலில் வாழ்ந்த காலம். வாப்பா நோயில் விழுந்தார். 1996இல் ராத்தா வீட்டு வேலைக்காக மஸ்கட் போனார். நம் சகோதரிகள் எத்தனை பேர் இப்படிப் போனார்கள் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் அரபுக் கல்லூரியில் சேர்ந்து கிதாபு ஓதிக்கொண்டிருந்தேன். என் சாப்பாட்டுக்கும் கிதாபுக்கும் ராத்தாதான் பணம் அனுப்பினார்.

ஒரு கடிதத்தோடு ஒரு படமும் வந்தது. அல்புஸ்தான் பெலஸ் ஹோட்டலுக்கு அருகே சாலைகள் கூடும் வட்டச் சந்தியின் நடுவில் ஒரு பெரிய மரக்கப்பல். “தம்பி, முதலாளியம்மாவோடு காரில் போகும்போதெல்லாம் இந்தக் கப்பலைப் பார்க்கிறேன். இதில் ஓர் ஆணிகூட இல்லையாம். கயிற்றால் தைத்ததாம். நம்முடைய சரந்தீவுக்கும் வந்து போனதாம். ஊர் நினைப்பு வந்தால் இதைத்தான் பார்த்துக்கொள்கிறேன்” என்று எழுதியிருந்தார்.

எங்கள் உஸ்தாத் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, “சிந்துபாத் கதை, கதைதான். ஆனால் அந்தக் கதைக்குள்ளே நம் முன்னோர் ஓட்டிய கப்பல் நிஜம்” என்றார். இப்னு மாஜித் என்ற கடலறிஞர் பதினைந்தாம் நூற்றாண்டில் கடற்கலை பற்றி அரபியில் நூல்கள் எழுதினார் என்பதையும் அன்றுதான் கேள்விப்பட்டேன். பருவத்தைக் குறிக்கும் ‘மவ்ஸிம்’ என்ற அரபுச் சொல்தான் ஐரோப்பியர் வாயில் ‘மான்சூன்’ ஆனது என்றும் அவர் சொன்னார். நாங்கள் வாடை என்றும் சோளகம் என்றும் பிரித்துச் சொல்லும் காற்றுகளை நம்பித்தான் அந்தக் கப்பல்கள் போய் வந்தன.

ஆணியில்லாத கப்பல்

பல வருடங்களுக்குப் பிறகு கொழும்பில் ஒரு நண்பரிடம் ‘சிந்துபாத் வோயேஜ்’ என்ற ஆங்கில நூலைக் கண்டேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வாசித்தேன். எழுதியவர் டிம் செவரின். பழங்காலத்தவர் சென்றதாகச் சொல்லப்படும் கடல்வழிகளில், பழங்கால முறையிலேயே கப்பல் கட்டி ஓட்டிப் பார்ப்பது அவர் ஆராய்ச்சி. 2020 டிசம்பரில்தான் காலமானார்.

ராத்தா கண்ட கப்பலின் பெயர் ‘ஸுஹார்’. சிந்துபாதின் ஊர் என்று சொல்லப்படும் ஓமான் நகரத்தின் பெயர் அது. ஓமான் சுல்தான் காபூஸின் ஆதரவில், 1980இல் சூர் என்ற துறைமுகப் பட்டினத்தில் கட்டப்பட்டது. நீளம் 80 அடிக்கு மேல். பலகைகளுக்கான அயினி மரம் மலையாளக் கரையிலிருந்து வந்தது. பலகைகளைத் தைக்கத் தெரிந்தவர்களைத் தேடி லட்சத்தீவுக்குப் போனார்கள். அகத்தித் தீவின் முஸ்லிம்கள் வந்து தைத்துக் கொடுத்தார்கள். பலகையில் துளையிட்டு, தென்னந்தும்புக் கயிற்றைக் கோத்து, இழுத்து இறுக்கி, துளையை அடைப்பார்கள். இப்படிச் செலவான கயிறு சுமார் 400 மைல் நீளம். கப்பலின் அடிப்புறத்தைப் புழு அரிக்காதிருக்க, சுண்ணாம்பையும் ஆட்டுக் கொழுப்பையும் குழைத்துப் பூசினார்கள்.

நாம் தேங்காயை உடைத்துவிட்டு வெளியே எறிகிற மட்டையின் தும்பு, ஒரு கப்பலைச் சீனம்வரை பிடித்துக்கொண்டு போயிருக்கிறது! 1980 நவம்பரில் மஸ்கட்டை விட்ட கப்பல், 1981 ஜூலையில் சீனாவின் கன்டன் நகரை அடைந்தது. ஏறக்குறைய ஆறாயிரம் மைல். இயந்திரத்தின் ஓட்டமல்ல, பாயின் ஓட்டம்.

கடலில் ஒரு குடும்பம்

அந்தக் கப்பலில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் என்னை அதிகம் கவர்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர். ஓமானிய மாலுமிகள் விரும்பி வந்து சேர்ந்தவர்கள். அவர்களோடு ஐரோப்பியர் சிலர். அவர்களில் கடல் உயிரினங்களை ஆராய்கிறவர்களும் இருந்தார்கள். மொழி வேறு, மார்க்கம் வேறு, சாப்பாடு வேறு. ஆனால் பலகை ஒன்று. முறை வைத்துக் காவல் இருக்கவேண்டும், சுக்கான் பிடிக்கவேண்டும், அடித்தட்டில் ஊறும் நீரை இறைக்கவேண்டும். சோறு, பேரீச்சம்பழம், பிடிக்கிற மீன் என்று இருப்பதைப் பகிர்ந்து உண்ணவேண்டும். கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போக அங்கே இடமில்லை.

வழியறிய அவர்கள் ‘கமால்’ என்ற கருவியையும் பயன்படுத்திப் பார்த்தார்கள். கருவி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சிறிய பலகைத் துண்டு. நடுவே ஒரு துளை. அதில் முடிச்சுகள் போட்ட கயிறு. முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ் ஓரத்தைக் கடலும் வானமும் சேரும் கோட்டில் வைத்து, மேல் ஓரம் துருவ நட்சத்திரத்தைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். நட்சத்திரத்தின் உயரம்தான் ஊரின் இருப்பிடத்தைச் சொல்லும். மஸ்கட்டில் அது சுமார் இருபத்து மூன்றரைப் பாகை உயரத்தில் நிற்கும், எங்கள் மன்னாரில் ஒன்பது பாகை, காலியில் ஆறு. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு முடிச்சு. போகவேண்டிய துறைமுகத்தின் முடிச்சுக்கு நட்சத்திரம் சரியாக வரும்வரை வடக்கோ தெற்கோ ஓடி, பிறகு அதே உயரத்தைப் பிடித்துக்கொண்டு கரை சேருவார்கள். நம் கரையின் பழைய மாலுமிகள் இதை ‘இராப்பலகை’ என்றார்கள்.

“கப்பலில் எப்படித் தொழுவது?” என்று பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. கடல்வழிப் பயணிகளுக்காகவே நம் ஃபிக்ஹு நூல்களில் சட்டம் இருக்கிறது. நிற்க முடிந்தால் நின்று தொழவேண்டும். தலைசுற்றி விழுவோம் என்ற பயம் இருந்தால் உட்கார்ந்து தொழலாம். கப்பல் திரும்பினால் தொழுகையாளியும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ளவேண்டும். மஸ்கட்டிலிருந்து கிப்லா ஏறக்குறைய நேர் மேற்கு. இலங்கைக்கு வந்தால் அது மேற்கிலிருந்து வடக்கே சாயும். அதாவது, கடலில் போகிற முஸ்லிம் ஐவேளையும் தான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டே ஆகவேண்டும். நம்மவர் வானநூலில் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. கோழிக்கோட்டில் தங்கியிருந்தபோது ஓமானிய மாலுமிகள் சிலர் அங்கே நிகாஹ் செய்துகொண்டார்கள் என்று செவரின் எழுதுகிறார். அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்று மாறும்வரை தங்கிய மாலுமிகளால் இந்தக் கரையெங்கும் நம் சமுதாயம் பெருகியது உண்மைதான். ஆனால் காற்று மாறியபின் கரையில் நின்ற மனைவியின் கதையை யார் எழுதினார்கள்? நிகாஹ் என்பது துறைமுகத்தில் நங்கூரம் போட்டு எடுப்பதைப் போன்றதல்ல என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இலங்கைக்கு வந்துவிட்டுச் சுமத்ராவை நோக்கி ஓடியபோதுதான் பெரிய சோதனை. காற்று நின்றுவிட்டது. வாரக்கணக்கில் கப்பல் அசையவில்லை. பாயைத் தாங்கும் நீண்ட பருமல் மரமும் ஒருநாள் முறிந்துபோயிற்று. குடிநீர் குறைந்துகொண்டே வந்தது. மழை வந்தபோது சீலைகளை விரித்துப் பிடித்துத் தண்ணீரைச் சேகரித்தார்கள். பிறகுதான் காற்று கிடைத்தது.

மாந்தையின் ஓடுகள்

சகோதரிகளே, இதெல்லாம் யாருடைய கதையோ அல்ல. மன்னார்ப் பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்தில் கால் வைத்தால் திருக்கேதீஸ்வரத்தின் அருகே மாந்தை. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளரின் குழு அங்கே மண்ணைத் தோண்டியது. பாரசீக, அரபு நாட்டு மட்பாண்டத் துண்டுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் ஒரே மண்ணில் கிடைத்தன. யுத்தம் வந்தது, தோண்டுவது நின்றது. எங்கள் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரம்கூட அரபு வணிகர் கொண்டுவந்தது என்றுதான் ஊர்வழக்கு.

நாங்கள் துரத்தப்பட்ட கடல்வழிதான், எங்கள் மூதாதையர் வந்த கடல்வழியும். இதை உணர எனக்கு இருபது வருடங்கள் ஆயின.

2010இல் ‘ஜுவல் ஒஃப் மஸ்கட்’ என்று இன்னொரு தைத்த கப்பல் ஓமானிலிருந்து புறப்பட்டு, கொச்சி, காலி வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்துக் கட்டியது அது. அந்தப் பழைய கப்பலில் ஏறக்குறைய 60,000 சீனப் பாண்டங்கள் இருந்தன. புதிய கப்பல் காலிக்கு வந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்தபோது யுத்தம் முடிந்து ஒரு வருடமாகியிருந்தது. அடுத்த இரண்டு வருடங்களில் நாங்களும் ஊர் திரும்பினோம். வீடு இருந்த இடத்தில் உடைமரங்கள்தான் நின்றன.

மகளின் கேள்வி

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் மூத்த மகள் உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்தாள், அல்ஹம்துலில்லாஹ். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக எதை எழுதுவது என்ற பேச்சு வந்தது. “வாப்பா, மாத்தறையில் ருஹுணுப் பல்கலைக்கழகத்தில் கடல் விஞ்ஞானப் பீடம் இருக்கிறது. அதை எழுதட்டுமா?” என்றாள். அவளுடைய அறைச் சுவரில் ராத்தா அனுப்பிய கப்பல் படம் ஒட்டியிருக்கிறது. பழி என்னுடையதுதான்.

கடலாராய்ச்சிக்கென்றே தொண்டர்கள் சேர்ந்து ஓட்டும் பாய்க்கப்பல்களைப் பற்றியும் அவள் வாசித்து வைத்திருந்தாள். ‘ஹெராக்ளிட்டஸ்’ என்ற கப்பலைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்காவின் ஓக்லண்டில் 1970களின் நடுவில் இளைஞர்கள் கூடி, இரும்புக் கம்பி வலையில் சிமெந்து பூசிக் கட்டிய கப்பல் அது. மாலுமித் தொழில் தெரியாதவர்களே ஏறி, சமையலும் காவலும் பாய் தைப்பதும் கற்றுக்கொண்டு, அமேசன் நதியிலிருந்து பவளப்பாறைகள்வரை ஆராய்ந்தார்கள். 2012இல் அதைச் ஸ்பெயினில் கரையேற்றிப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள்.

“பெண்கள் மட்டுமே போன கப்பலும் இருக்கிறது வாப்பா” என்றாள். 2014இல் ‘எக்ஸ்எக்ஸ்பெடிஷன்’ என்ற பெயரில் பதினான்கு பெண்கள் பாய்க்கப்பலில் அத்திலாந்திக் கடலைக் கடந்தார்கள். கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள்களை வலைபோட்டு அள்ளி ஆராய்ந்தார்கள். அந்த முயற்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான எமிலி பென் தன் இரத்தத்தைச் சோதித்தபோது, தேடிய 35 இரசாயனங்களில் 29 அவர் உடம்பில் இருந்தன. இவற்றில் சில, கருவிலும் தாய்ப்பாலிலும் பிள்ளைக்குப் போகக்கூடியவை. கடலை ஆராயப் போன பெண், கடைசியில் தாய்மையின் கேள்வியில் வந்து நின்றார். நம் கடற்கரையில் காலில் சிக்கும் பிளாஸ்டிக் பைகளை நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் சரிதான். ஆனால் நான் உடனே ‘சரி’ சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாடசாலையில் பிற பெற்றோர் வந்து கேட்டால், “பெண் பிள்ளை படிக்கட்டும், பாதுகாப்பான தங்குமிடம் பாருங்கள், அனுப்புங்கள்” என்று ஆலோசனை சொல்கிறவன் நான். அந்த ஆலோசனை என் வாசலுக்கு வந்தபோது அதைத் திண்ணையில் நிறுத்தி வைத்தேன். மாத்தறை தூரம் என்றேன். மஹ்ரம் இல்லாமல் கடலுக்குப் போகச் சொன்னால் என்ன செய்வாய் என்றேன். அதெல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் நான் கேட்டது மார்க்கத்துக்காக மட்டும் அல்ல. உம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்ற பயம்.

மகள் என்னை நம்பிக் காத்திருக்கவில்லை. நேரே வாப்பும்மாவிடம் போனாள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கப்பலின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். காற்று நின்ற கட்டம் வந்தபோது உம்மா குறுக்கிட்டார்.

“தண்ணியை எப்படி மகள் பங்கு வைச்சாங்க?”

மகளுக்குப் பதில் தெரியவில்லை. உம்மா சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, முப்பத்து சொச்சம் வருடங்களாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அன்றிரவு எங்கள் வள்ளத்தில் இருந்தது ஒரேயொரு கேன் தண்ணீர். அது வேறொரு குடும்பத்துக்குச் சொந்தமானது. அந்த வீட்டுப் பெண் கேனின் மூடியைக் கழற்றி, அதனால் அளந்து, தன் பிள்ளை பிறர் பிள்ளை என்று பாராமல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மூடி கொடுத்தார். பெரியவர்கள் குடிக்கவில்லை. மையித்தாகிப் போன அந்தக் குழந்தையின் உதட்டையும் அவர்தான் கடைசியாக நனைத்தார்.

“உன்ட வாப்பா குடிச்சதும் அந்த மூடித் தண்ணிதான்” என்றார் உம்மா.

எனக்கு அது நினைவில்லை. அந்த இரவின் பயம் நினைவிருக்கிறது, குளிர் நினைவிருக்கிறது, தாகம் தீர்ந்தது நினைவில்லை. மனிதன் நன்றி மறப்பவன் என்று பாடம் நடத்துகிறவனுக்கு அதுவே பாடமாயிற்று. அந்தப் பெண்ணின் பெயரை உம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் இப்போது ஹயாத்தில் இல்லை. பெயர் சொல்லித் துஆச் செய்கிறேன்.

பிறகு உம்மா பேத்தியிடம் மூன்று கேள்விகள் கேட்டார். தங்குமிடத்தில் பெண்கள் மட்டுமா? தொழ இடம் உண்டா? விடுமுறைக்கு விடுமுறை வருவாயா? மூன்றுக்கும் பதில் வந்தது. “கடலுக்குள்ள போற நாள் வந்தா, உன் வாப்பாவும் கூட வரட்டும். அவனுக்கும் பயம் போகட்டும்” என்றார்.

சகோதரிகளே, பிள்ளைகளின் விருப்பத்துக்கெல்லாம் தலையாட்டுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. விசாரியுங்கள்; ஆலோசியுங்கள்; நிபந்தனை வையுங்கள். ஆனால் நம்முடைய பயத்தை மார்க்கத்தின் பெயரால் அவர்கள் தலையில் கட்டிவிடாதீர்கள். கப்பல்கள் கடலைப் பிளந்து செல்வதை அல்லாஹ் தன் அருட்கொடைகளில் ஒன்றாக எண்ணிக் காட்டியிருக்கிறான். அதே கடலில் நமக்குச் சோதனையும் வந்தது. ஒரு மூடித் தண்ணீரும் கிடைத்தது.

விண்ணப்பத்தில் மகள் முதல் விருப்பமாகக் கடல் விஞ்ஞானத்தை எழுதினாள். முடிவு இன்னும் வரவில்லை. மஸ்கட்டிலிருந்து திரும்பிப் புத்தளத்தில் வாழும் ராத்தாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “அந்தப் படம் இன்னும் இருக்கிறதா தம்பி?” என்று கேட்டார்.

சென்ற வாரம் அஸருக்குப் பின் வீடு திரும்பியபோது முன்வாசலில் உம்மாவின் பாயைக் காணவில்லை. பயந்துபோய்ப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பேத்தியோடு கொல்லைப்புற வாசலில் உட்கார்ந்திருந்தார். கடலைப் பார்க்கவில்லை, முருங்கைக் கீரைதான் ஆய்ந்துகொண்டிருந்தார். ஆனால் முகம் அந்தப் பக்கம் இருந்தது.